மீன் தொட்டியின் அடித்தளத்துக்கு எந்த லோச்: குஹ்லியா, செயினா, ஜீப்ராவா?

அடியில் திரியும் சின்ன மீன் வேண்டும் என்று தேடுகிறவர்கள் கடைசியில் இந்த மூன்றில்தான் வந்து நிற்கிறார்கள்: குஹ்லி லோச், டுவார்ஃப் செயின் லோச், ஜீப்ரா லோச். மூன்றுமே அயிரை மீனுக்குச் சொந்தக்காரர்கள். ஆனால் ஒன்றுக்குப் பொருந்தும் தொட்டி இன்னொன்றுக்குப் பொருந்தாது. மீனின் வரிகளைப் பார்த்து மயங்குவதற்கு முன், உங்கள் தொட்டியின் அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

நைஸான மணல் போட்டிருக்கிறீர்கள், நீர் ஓட்டம் மெதுவாக இருக்கிறது, செடிகள் அடர்த்தியாக உள்ளன என்றால் யோசிக்கவே வேண்டாம், குஹ்லிதான். தென்கிழக்காசியாவில் இலைச்சருகு மூடிய ஓடைகளில் வாழும் மீன் இது. 8 முதல் 10 செ.மீ. வளரும். பார்க்கக் குட்டிப் பாம்பு போலவே இருக்கும். இது சாப்பிடும் விதத்தைக் கிட்ட உட்கார்ந்து பார்க்க வேண்டும்: மூக்கை மணலில் செருகி, ஒரு வாய் மணலை அள்ளி, செவுள் வழியே பொலபொலவென்று உதிர்த்துவிட்டு, உள்ளே இருந்த ரத்தப்புழுத் (மீன்களுக்குப் போடும் சிவப்புப் புழு) துணுக்கை மட்டும் விழுங்கும். கூர்மையான கற்கள் போட்ட தொட்டியில் இது நடக்காது. மீசைகள் தேயும், புண்ணாகும்.

குஹ்லியின் குறை, பகலில் கண்ணில் படாது என்பதுதான். இரண்டு மூன்று மட்டும் வாங்கி விட்டால் மாதக்கணக்கில் தலையே காட்டாது. ஆறு, எட்டு என்று கூட்டமாக விட்டு, விளக்கொளியைக் குறைத்தால் மாலையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் புரளத் தொடங்கும். 60 செ.மீ. நீளத் தொட்டி போதும். ஃபில்டரின் உறிஞ்சு குழாய்க்குக் கட்டாயம் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். சந்து கிடைத்தால் உள்ளே போய்விடும்.

செயின் லோச்சின் குணம் நேர் எதிர். 5, 6 செ.மீ.தான் இருக்கும், ஆனால் பகல் முழுக்கச் சுறுசுறுப்பு. இலை மேல் உட்காரும், நடு நீரில் கூட்டமாக நீந்தும், ஒன்றையொன்று துரத்தும். அந்தத் துரத்தலில் சில நேரம் உடல் நிறமே வெளிறிப் போகும். அது நோயில்லை, யார் பெரியவர் என்ற சண்டை. எட்டுக்குக் குறைவாக வைத்தால் அந்தச் சண்டை முழுக்க ஒரு மீனின் தலையில் விடியும். தொட்டி 80 செ.மீ.யாவது இருக்கட்டும், தண்ணீரில் ஆக்ஸிஜன் நன்றாக இருக்கட்டும். சிறு நத்தைகளைத் தின்று தீர்க்கும். அதே வேகத்தில் குட்டி இறாலையும் தின்னும் என்பதால் இறால் வளர்ப்பவர்கள் குஹ்லி பக்கம் வருவது நல்லது.

ஜீப்ராவும் நத்தை தின்னும், பார்க்க மூன்றிலும் அழகு. ஆனால் 8, 9 செ.மீ. பருமனான உடலோடு ஆறு மீன்கள் என்றால் ஒரு மீட்டர் தொட்டி வேண்டும். சிறு தொட்டிக்காரர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஜீப்ராவின் சொந்த இடம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகள். செயினின் சொந்த இடம் தாய்லாந்து. இரண்டுமே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்தில் இருப்பவை. பண்ணையில் பெருக்கிய மீனா என்று கேட்டு வாங்குங்கள்.

குஹ்லியையும் செயினையும் சேர்த்து வைக்கலாமா? வைக்கலாம். செயின் உணவை முந்திக்கொள்ளும் என்பதால், விளக்கை அணைத்த பிறகு குஹ்லிக்கென்று தனியாக ஒரு முறை போட வேண்டும்.

எதை எடுத்தாலும் சில விஷயங்கள் பொது. 24 முதல் 28 டிகிரி வெப்பம், இறுக மூடிய தொட்டி, மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் துளியும் இல்லாத பழகிய தண்ணீர். செதில்கள் மிக நுண்ணியவை என்பதால் செம்பு கலந்த மருந்துகளைத் தாங்காது. கண்ணுக்குக் கீழே மடங்கிய முள் ஒன்று உண்டு. வலையில் பிடித்தால் அது சிக்கி மீன் காயப்படும். டப்பாவில் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள்.

இந்த மூன்றுக்கும் பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் பட்டையோடு கிளவுன் லோச் குட்டிகள் விற்பனைக்கு இருக்கும். 5 செ.மீ.தானே என்று வாங்கிவிடாதீர்கள். அது 30 செ.மீ. வரை வளரும், இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.