காட்பாடி, ராணிப்பேட்டை பட்டறைக்காரர்களே, இந்த சென்ஸார் பெட்டியை வாங்கிவிடாதீர்கள்

டூல் உடைந்தால் அலாரம் அடிக்கும் என்று வாங்கிய பெட்டி அது. நேற்று ராத்திரிதான் உண்மை தெரிந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது ரூ.1,85,000. காட்பாடியில் இரண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) வைத்து, மற்ற கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவனுக்கு அது சின்னப் பணமில்லை.

ராத்திரி ஷிப்டில் ஒரே பையன்தான் இரண்டு மெஷினையும் பார்க்கிறான். 2.5 மி.மீ. ட்ரில் உடைந்தால் அவனுக்குத் தெரியாது. பின்னாலேயே துளைக்குள் மரை வெட்ட வரும் எம்3 டேப் துளையில்லாத இடத்தில் முட்டி அதுவும் போகும். நான் நின்றால் சத்தத்தை வைத்தே டூல் மழுங்குவதைச் சொல்லிவிடுவேன். நாள் முழுக்க நிற்க முடியுமா? அப்போதுதான் தொழிற்சாலைச் சாமான் விற்கும் இணையதளம் ஒன்றில் 'அக்கூஸ்டிக் எமிஷன் சென்ஸார்' கண்ணில் பட்டது, உலோகத்துக்குள் ஓடும் அதிர்வை வைத்து டூல் உடைவதைக் கண்டுபிடிக்கும் கருவி.

விற்கிறவர் பட்டறைக்கே வந்தார். காபி வாங்கிக் கொடுத்தேன். சென்ஸாரை டூல்களைப் பிடித்திருக்கும் டர்ரெட்டில் ஒட்டிவிட்டு ஸ்பேனரால் மெஷினின் அடிப்பாகத்தில் லேசாகத் தட்டினார். திரையில் கோடு துள்ளியது. "உங்க காது மாதிரியேதான் அண்ணா, ஆனா இது தூங்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அப்போதே ரூ.1,85,000 அனுப்பினேன்.

மறுநாளே தொல்லை. எதிர்ப் பட்டறையில் பவர் பிரஸ் இறங்கினால் அலாரம், எங்கள் கம்ப்ரசர் ஓடினால் அலாரம். பத்தாம் நாள் ராத்திரி ட்ரில் நிஜமாகவே உடைந்தபோது மட்டும் அலாரமே இல்லை. காலையில் தட்டில் 38 பீஸ், எல்லாம் எஸ்எஸ் 316 என்ற துருப்பிடிக்காத எஃகு, துளையில்லாமல் கிடந்தன.

போன் செய்தால் "சென்ஸாருக்கு அடியில கிரீஸ் சரியா தடவலை" என்றார். அப்புறம் "உங்க மெஷின் பழசு". அப்புறம் "சென்னையிலிருந்து இன்ஜினியர் வருவார்". யாரும் வரவில்லை. இப்போது போனையே எடுப்பதில்லை. தளத்தில் கேட்டால், திருப்பித் தரும் 7 நாள் முடிந்துவிட்டதாம்.

நேற்று அக்கா மகன் பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். "மாமா, இது சாதா மைக்" என்றான். டூலில் விரிசல் விழும்போதும் டூல் உடையும்போதும் உலோகத்துக்குள் ஓடும் அலை சுமார் 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்குமாம். பட்டறை இரைச்சல் பெரும்பாலும் அதற்குக் கீழேதான், அதனால்தான் அசல் சென்ஸார் இரண்டையும் பிரித்துவிடுகிறது. இந்தப் பெட்டியோ விநாடிக்கு 44,100 முறைதான் சிக்னலை அளக்கிறது. அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரைதான் பிடிக்க முடியுமாம், அதனால் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இதற்கு எதுவுமே கேட்காது. ரூ.1,85,000 கொடுத்து மைக் வாங்கியிருக்கிறேன்!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், தெம்பில்லை. ஸ்பேனர் தட்டலை நம்பாதீர்கள், எந்த மைக்கும் அதற்குத் துள்ளும். மெஷினும் கம்ப்ரசரும் ஓடும்போதே, சென்ஸார் பக்கத்தில் 0.5 மி.மீ. பென்சில் லெட்டை உலோகத்தில் அழுத்தி முறித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த சென்ஸாரைச் சோதிக்க எல்லோரும் செய்வது அதுதான். எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் வெறும் 'எலக்ட்ரானிக் சாமான்' என்றுதான் இருக்கிறது. நான் கிளம்புகிறேன், அந்த 38 பீஸுக்கு ஆர்டர் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல ராணிப்பேட்டை போக வேண்டும்.