பயிற்சி வகுப்பா, கூடவே வரும் ஆளா: போதை மீட்பில் இருப்பவர்களின் வேலைக்கு நிதியை எதில் போடுவது?

போதையிலிருந்து மீண்டு வருபவர்களுக்கு வேலை கிடைக்க என்று ஒதுக்கும் பணம் பெரும்பாலும் ஏதோவொரு பயிற்சி வகுப்பில்தான் போய் முடிகிறது. வகுப்பைப் படம் எடுக்கலாம், சான்றிதழ் கொடுக்கலாம், ஆண்டறிக்கையில் எண்ணிக்கை போடலாம். வகுப்பு முடிந்த மறுநாள் அந்தச் சான்றிதழோடு எங்கே போய் நிற்பது என்பதற்கு மட்டும் யாரும் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

'முதலில் முழுசாகத் தேறட்டும், அப்புறம் வேலை பார்க்கலாம்' என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த இடைவெளிதான் பழைய பழக்கம் திரும்ப நுழையும் வாசல். பயிற்சிக்கென்று தனியாகப் பணம் போடுவதில் பொருள் உள்ள இடம் ஒன்றே ஒன்று: உரிமம் இல்லாமல் செய்யவே முடியாத வேலை, அந்த உரிமம் கிடைத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் முதலாளி. இரண்டும் கையில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இதற்கு நேர் எதிர்வழி ஐபிஎஸ் (Individual Placement and Support): ஆளுக்கேற்ற வேலையில் சேர்த்துவிட்டு, கூடவே நின்று துணை செய்யும் முறை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் தீவிர மனநோய் உள்ளவர்களுக்காக உருவாக்கியது. முதலில் வேலை, பயிற்சி அந்த வேலையிலேயே. வேலை செய்ய விருப்பம் இருந்தால் போதும், 'இன்னும் தயாராகவில்லை' என்று யாரையும் ஒதுக்கக் கூடாது. கூடவே வரும் அந்த ஆள், அதாவது வேலைவாய்ப்பு ஆலோசகர், தனி அலுவலகத்தில் உட்காராமல் சிகிச்சைக் குழுவின் கூட்டத்திலேயே உட்கார வேண்டும்.

இங்கே பணம் எதற்குப் போகிறது என்பது தெளிவு: ஏறக்குறைய எல்லாமே சம்பளம். ஐபிஎஸ் தர அளவுகோலில் 25 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 5 வீதம் மொத்தம் 125 மதிப்பெண். 100ஐ எட்டினால் நல்ல தரம், 115 எட்டினால் மிகச் சிறப்பு. முழு மதிப்பெண் வேண்டுமென்றால் ஒரு ஆலோசகரிடம் ஒரே நேரத்தில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சேர்ந்த 30 நாளுக்குள் முதல் முதலாளியைச் சந்தித்தாக வேண்டும். வாரத்துக்கு 6 முதலாளிகளையாவது நேரில் பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் 65 சதவீதமாவது அலுவலகத்துக்கு வெளியே கழிய வேண்டும். மேற்பார்வையாளர் ஒருவருக்குப் பத்து ஆலோசகர் உச்சவரம்பு.

'முதலாளியைச் சந்திப்பது' என்றால் என்ன என்று பலருக்குப் புரிவதில்லை. விண்ணப்பத்தை நீட்டுவது இல்லை. முதல் தடவை பத்து நிமிடம். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, இன்னொரு நாள் நேரம் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டாம் தடவை கேள்விகள் மட்டும்: எந்த ஷிஃப்டுக்கு ஆள் நிற்பதில்லை, யார் சீக்கிரம் விட்டுப் போகிறார்கள், எந்த மாதிரி ஆள் இங்கே நிலைக்கிறார். அங்கே பொருந்துகிற ஒருவர் கைவசம் இருந்தால் மட்டும்தான் மூன்றாம் தடவை பெயர் சொல்வது. போதைப் பின்னணியைச் சொல்வதா வேண்டாமா, எவ்வளவு சொல்வது என்பதை அந்த ஆளே முடிவு செய்து, ஆலோசகரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு ஆலோசகரிடம் 20 பேர் என்பது 40 ஆகும்போது முதலில் காணாமல் போவது இந்த இரண்டாம் சந்திப்புதான். அப்புறம் ஆலோசகர் கணினி முன்னால் உட்கார்ந்து விளம்பரங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார். பெயர்ப்பலகையில் ஐபிஎஸ் என்றுதான் இருக்கும்.

போதைச் சிகிச்சையில் இது எடுபடுமா? இங்கிலாந்தில் ஏழு இடங்களில் 2018இல் தொடங்கி, சுமார் 1,700 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். 18 மாத முடிவில் ஐபிஎஸ் பிரிவில் வேலைக்குப் போனவர்கள் அதிகம். ஆனால் வித்தியாசம் மலைக்க வைக்கும் அளவு இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் சுவாரசியம் வேறு: மதுப் பிரச்சினை உள்ளவர்களிடம் பலன் தெரிந்தது, மற்ற போதைப்பொருள்களிலும் தெரிந்தது, ஹெராயின் போன்ற ஓபியாய்டு சார்பு உள்ளவர்களிடம் தெரியவில்லை. நிதி கொடுப்பவர் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். தினமும் மருந்துச் சாளரத்தில் மெத்தடோன் (ஹெராயினுக்கு மாற்றாகச் சிகிச்சையில் கொடுக்கும் மருந்து) வாங்கக் காத்திருக்க வேண்டியவருக்கு, அந்தச் சாளரம் எட்டு மணிக்குத் திறந்தால், ஏழு மணி ஷிஃப்ட் வேலை முதல் நாளே போச்சு. இதை எந்த ஆலோசகராலும் சரிசெய்ய முடியாது. சாளர நேரத்தை மாற்றவோ, வீட்டுக்கு எடுத்துப் போகும் அளவை அனுமதிக்கவோ சிகிச்சை மையம் தயாரா என்பது நிதி ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி.

ஓபியாய்டு தரப்புக்குப் பொருந்துவதாகத் தெரியும் மூன்றாம் வழி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கென்னத் சில்வர்மன் குழு பால்டிமோரில் வளர்த்த 'சிகிச்சைப் பணியிடம்'. சம்பளம் சிறுநீர்ப் பரிசோதனையோடு இணைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் அதை வெளிவேலைக்கும் நீட்டினார்கள்: சாதாரண நிறுவனத்தில் வேலை செய்து, அதற்குச் சான்று காட்டினால், முதலாளி கொடுக்கும் சம்பளத்துக்கு மேல் மணிக்கு 8 டாலர் வரை. மாதிரியில் போதை தென்பட்டால் அது 1 டாலராக இறங்கும். பிறகு சுத்தமான ஒவ்வொரு நாளுக்கும் ஒரு டாலராக ஏறும். ஆளை வெளியே தள்ளாமல், ஏறிவர ஏணியை அங்கேயே வைத்திருப்பதுதான் இதன் சூட்சுமம். குறை என்னவென்றால், ஊக்கத்தொகையை நிறுத்தியதும் பலனும் பெரும்பாலும் கரைகிறது. ஆகவே ஆறு மாதத் திட்டமாக இதை ஆரம்பிப்பவர் காசைத் தண்ணீரில் போடுகிறார். பரிசோதனைச் செலவு வேறு தனியாக ஏறும். அந்த முடிவு முதலாளி கைக்குப் போகாதபடி பூட்டி வைப்பதும் நிதி கொடுப்பவர் பொறுப்பு.

முதலாளிக்குச் சலுகை கொடுப்பது அடுத்த வகை. நியூயார்க் மாநிலம் மீட்பில் உள்ள ஒருவரை 500 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒருவருக்கு 2,000 டாலர் வரை வரிக்கழிவு தருகிறது. நிர்வாகம் சுலபம். ஆனால் அதைக் கோர வேண்டுமானால் அந்த ஆளின் மீட்பு நிலை காகிதத்தில் ஏற வேண்டும். பலர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். எப்படியும் எடுத்திருக்கக்கூடிய ஆளுக்கே சலுகையும் வாங்கிக்கொள்ளும் கதையும் உண்டு. தனியாக இதில் பணம் போடுவது வீண்; ஆலோசகரின் பையில் இருக்கும் ஒரு கூடுதல் சீட்டாக வைத்துக்கொள்ளலாம்.

சொந்தத் தொழில் நடத்தி அதில் வேலை கொடுக்கும் அமைப்புகள் உண்டு. 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டிலான்சி ஸ்ட்ரீட் என்ற அமைப்பு, வீடு மாற்றித் தரும் சேவை, உணவகம் என்று தொழில்களின் வருமானத்தில் ஓடுவது. குறைந்தபட்சம் இரண்டு வருடம் தங்க வேண்டும். அப்படித் தாக்குப்பிடிப்பவருக்கு நல்ல இடம்தான். இதைப் பார்த்துக் காப்பியடிப்பவர்களிடம் நிதி கொடுப்பவர் கேட்க வேண்டியது: வேலை செய்பவருக்குச் சம்பளம் உண்டா, அது யார் கணக்கில் போகிறது, வெளியே போய் வேலை தேட விடுகிறீர்களா? 'வேலையே சிகிச்சை' என்று சொல்லிச் சம்பளமில்லாமல் உழைக்க வைக்கும் இடங்களும் இந்தப் பெயரில் உண்டு.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதும் எதில் கொடுப்பது என்பதற்குச் சமமான விஷயம். 'வேலை வாங்கித் தந்தால்தான் காசு' என்ற ஒப்பந்தம் கடினமானவர்களை ஓரங்கட்டி, தாமாகவே வேலை தேடிக்கொள்ளக்கூடியவர்களை மட்டும் பொறுக்கியெடுக்க வைக்கிறது. பிரிட்டனில் வேலையில்லாதவர்களுக்காக 2011இல் வந்த வொர்க் புரோகிராம் என்ற அரசுத் திட்டத்தில் இதுதான் நடந்தது. 2012இல் அங்கே எட்டு இடங்களில் போதைச் சிகிச்சைக்கே பலனுக்கேற்ற கட்டணம் வைத்துப் பார்த்தபோது, சிகிச்சையை முடிப்பவர்கள் குறைந்தார்கள். பெரும்பகுதியைச் சம்பளமாக முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஒரு சிறு பகுதியை மட்டும் 13 வார, 26 வார வேலை நிலைப்புக்கு ஒதுக்குவது தேவலை.

நடைமுறைக் கணக்கு ஒன்று. இரண்டு ஆலோசகர், பகுதிநேர மேற்பார்வையாளர்: ஒரே நேரத்தில் 40 பேர். முதல் நான்கைந்து மாதம் காட்ட ஒன்றும் இருக்காது. முதலாளிகளைப் பழக்கப்படுத்திக்கொள்ளும் காலம் அது. ஆகவே ஒரு வருட நிதி என்பது பாதி வருட வேலை. இரண்டு வருடத்துக்குக் குறைவாகக் கொடுப்பதானால் கொடுக்காமலே இருக்கலாம். சம்பளம் போக, ரசீது ஒன்றே போதும் என்ற விதியோடு ஒரு சிறு கைச்செலவு நிதி வேண்டும்: பாதுகாப்புக் காலணி, தொலைந்துபோன அடையாள அட்டை, முதல் சம்பளம் வரும்வரை பேருந்துக் கட்டணம். மூன்று பேர் கையெழுத்து கேட்டால் காலணி வருவதற்குள் வேலை போய்விடும்.

முதல் சம்பள நாள் ஆபத்தான நாள். கையில் பணம், பழைய கடன்காரர்கள், பழைய நண்பர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வருவார்கள். ஆலோசகர் அன்று மாலை அழைப்பது, சம்பளத்தை இரண்டு தவணையாக வாங்க ஏற்பாடு செய்வது, வேலைக்குப் போவதால் அரசு உதவித்தொகை எவ்வளவு குறையும் என்று முன்பே கணக்குப் போட்டுக் காட்டுவது எல்லாம் ஒப்பந்தத்தில் வேலையாகவே எழுதப்பட்டிருக்க வேண்டும். வேலை கிடைத்த ஒருவர் மறுபடி சறுக்கினால் அவர் கோப்பை மூடக் கூடாது என்பதும் அப்படியே. மூன்றாம் மாத ஆய்வில் சான்றிதழ் எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம்; ஆலோசகரின் டைரியைக் கேளுங்கள். போன வாரம் யாரைப் பார்த்தார், எந்த முதலாளியை இரண்டாம் தடவை பார்த்தார் என்று அதில் இருக்கும்.