பைப்பில் ஓடும் தண்ணீரை அளக்க, பைப்பை வெட்டி மாட்டும் சென்சாரா, வெளியே கட்டும் சென்சாரா?

சின்னப் பைப் என்றால் டர்பைன் சென்சார்தான் என் தேர்வு. ஒய்எஃப்-எஸ்201 மாதிரி அரை அங்குலச் சென்சாருக்குள் ஒரு சக்கரம் சுழலும், அதிலுள்ள காந்தம் கடப்பதை ஹால் சென்சார் உணர்ந்து லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ் (மின் துடிப்பு) தரும், ஆனால் நிமிடத்துக்கு 1 லிட்டருக்கும் குறைவாக ஓடினால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். மணல் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும், அதனால் முன்னால் ஃபில்டர் கட்டாயம். சென்சார் மேல் தண்ணீர் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள்.

சரி, பைப்பை வெட்டவே முடியாது என்றால்? அல்ட்ராசோனிக், அதாவது ஒலி அலையால் அளக்கும் சென்சார். ஜெல் தடவி வெளியே கட்டினால் போதும், விலைதான் அதிகம். பைப்பில் தண்ணீர் முழுக்க நிறைந்து ஓட வேண்டும், வளைவுக்கு அப்புறம் விட்டத்தைப்போல் 10 மடங்கு நேர் நீளமும் வேண்டும். படுக்கைப் பைப்பில் உச்சியில் வைக்காதீர்கள், அங்கே காற்று தேங்கும், பக்கவாட்டில் வையுங்கள்.