யு.எச்.சி. ஃபில்டர்: சில வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. அதன் ஐபீஸில் (கண்வைத்துப் பார்க்கும் லென்ஸ்) திருகிக்கொள்ளும் 1.25 அங்குல யு.எச்.சி. (அல்ட்ரா ஹை கான்ட்ராஸ்ட்) ஃபில்டரைப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன். நெபுலாவை, அதாவது விண்வெளி முகிலை, பிரகாசமாக்கும் என்று நம்பித்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். ஆக்காது. பின்னால் இருக்கும் வானத்தைக் கறுப்பாக்கும், அதனால் முகில் எடுப்பாகத் தெரியும். அவ்வளவுதான் இதன் வேலை.

நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு முகில்களில், புதிதாகப் பிறந்த வெப்பமான நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி பட்டு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அயனியாகி, குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்கின்றன. 486 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜன்-பீட்டா, 496-லும் 501-லும் ஆக்சிஜன். ஃபில்டர் இந்தக் குறுகிய பட்டையை மட்டும் உள்ளே விட்டு மற்றதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அந்த ஆக்சிஜன் கோடுகளை 1864-ல் ஆங்கில வானியலாளர் வில்லியம் ஹகின்ஸ் பார்த்தபோது தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அவை பொருந்தவில்லை. 'நெபுலியம்' என்று புதுத் தனிமத்துக்கே பெயர் வைத்துவிட்டார்கள்! 1927-ல்தான் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் அது ஆக்சிஜன் என்று காட்டினார். படங்களில் கொழிக்கும் சிவப்பு, 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் ஒளி. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது ஏறக்குறையத் தெரியவே தெரியாது. கண்ணில் படுவது சாம்பல், மிஞ்சினால் லேசான பச்சை.

ஓரியன் நெபுலாவான எம்42-க்கு ('எம்' என்பது மெஸ்ஸியே பட்டியலின் எண்) ஃபில்டர் கட்டாயமில்லை. போட்டால் முகிலின் இறக்கை போன்ற ஓரங்கள் இன்னும் நீள்கின்றன, ஆனால் நடுவிலிருக்கும் டிரபீசியம் நட்சத்திரங்கள் மங்கிப் பச்சையடிக்கின்றன. பெரும்பாலும் கழற்றிவிடுகிறேன். காசுக்கு ஈடு கிடைப்பது தனுசு ராசிப் பக்கம்தான். அன்ன நெபுலா எனப்படும் எம்17-ல் வெறும் ஐபீஸில் ஒரு மங்கிய கோடு தெரியும். ஃபில்டரோடு அன்னத்தின் கழுத்து வளைவும் அதற்குள் இருக்கும் கரும்பள்ளமும் பிரிந்து நிற்கும். எம்8-ஐ இரண்டாகப் பிளக்கும் இருண்ட வாய்க்காலும் அப்படித்தான். எம்20-ல் மட்டும் கவனம் வேண்டும்: அதன் வடபாதி, தூசில் பட்டுத் திரும்பும் நட்சத்திர ஒளி. ஃபில்டர் அதைச் சேர்த்தே அழித்துவிடும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள மங்கலுக்கும் இதே கதிதான்.

நமக்கு வாய்த்த பெரிய சலுகை கரினா நெபுலா. ஐரோப்பாக் கண்டத்தில் எங்குமே தொடுவானத்துக்கு மேலே வராத அது, கோவைப் பக்கம் தெற்கே சுமார் 19 பாகை ஏறுகிறது. சித்திரை மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் உச்சம். தெற்கே கட்டடமும் விளக்கும் இல்லாத இடம் கிடைத்தால், இந்த ஃபில்டரில் பார்க்க எம்42-ஐவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

வருஷங்கள் போனதில் மாறியது ஃபில்டர் இல்லை, தெரு. மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டியே குவிந்திருக்கும், ஃபில்டர் அதைச் சுத்தமாக வெட்டும். வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவுகிறது, நெபுலாவுக்காகத் திறந்துவைத்த ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடும். முன்பு மொட்டைமாடியிலேயே எம்8 பார்த்தேன், இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஃபில்டரா, பெட்ரோலா என்று கேட்டால் பெட்ரோல் என்றுதான் சொல்வேன்.

உருப்பெருக்கத்தைக் குறைத்து வையுங்கள். என் 1200 மி.மீ. குவிய நீளத்துக்கு 30 மி.மீ. ஐபீஸ், அதாவது 40 மடங்கு, சரியாக இருக்கிறது. 10 மி.மீ.யில் எல்லாமே இருண்டுவிடும். மழைக்காலத்தில் ஃபில்டரைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வைக்காவிட்டால் அதன் பூச்சில் பூஞ்சை பிடிக்கும்.

முதல் ஃபில்டராக, ஆக்சிஜன் கோடுகளை மட்டும் விடும் ஓ-III வேண்டாம், யு.எச்.சி. போதும். இந்த முகில்களுக்கு ஹைட்ரஜன்-பீட்டாவும் தேவை. குதிரைத்தலை நெபுலாவுக்கென்று தனியாக எச்-பீட்டா ஃபில்டர் விற்கிறார்கள். 8 அங்குலத்தில் அது தெரிய வேண்டுமானால் ஊர் வெளிச்சமே எட்டாத வானம் வேண்டும். அப்படி ஒரு இடம் பக்கத்தில் இல்லாததால் நான் வாங்கவில்லை.