பிரீதர் பை: டர்பனிலிருந்து ஜோபர்க்குக்கு மீன் அனுப்பியவரை

பிரீதர் பை விலை இறங்கியிருக்கிறதே, ஒரு கட்டு வாங்கிப் போடலாமா என்று ஜோபர்க் பக்கத்து லெனேஷியாவிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருந்தார். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து அவர் பக்கம் மீன் போவது இரவுக் கூரியரில். பிரீதர் பை என்றால் மூச்சுவிடும் பை: அதன் சவ்வு வழியே வெளிக்காற்றின் ஆக்சிஜன் உள்ளே வரும், கரியமில வாயு வெளியே போகும். இரண்டு குளிர்காலம் இந்தப் பையோடு மல்லுக்கட்டியாயிற்று, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். டர்பன் கடல்மட்டம், ஜோபர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். சாதாரண பாலித்தீன் பையில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் அடைத்து, கல்லு மாதிரி இறுக்கிக் கட்டி அனுப்பினால் வான் ரீனன் கணவாய் ஏறுவதற்குள் பை உப்பிவிடும். இங்கே ஒரு லிட்டராக இருந்த வாயு அங்கே 1.2 லிட்டர். விமானச் சரக்கென்றால் இன்னும் கூடும். பை விறைத்துப் பெட்டி மூடியைத் தூக்கும், மூலை மடிப்பில் ஊசிமுனை அளவுக்குக் கசியும். பிரீதர் பையில் காற்றே விடுவதில்லை, உப்ப என்ன இருக்கிறது? அதே தெர்மாக்கோல் பெட்டியில் இரண்டு மடங்கு பை அடங்கும். கூரியர் பில்லைப் பார்க்கும்போது இந்த ஒன்றுக்காகவே பையைக் கும்பிடத் தோன்றும்.

அடுத்தது பாதிதான் நல்லது. கரியமில வாயு சவ்வு வழியே வெளியேறிவிடுவதால் தண்ணீரின் பி.எச். (அமில–கார அளவு) அதிகம் இறங்காது. சாதாரணப் பையில் அது இறங்கும், மீன் கழிவில் வரும் விஷமான அம்மோனியா பல்லில்லாத அம்மோனியமாகக் கிடக்கும். பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரம் பழக்கினால் பி.எச். ஏறி, பல் முளைத்துவிடும். பிரீதர் பையில் அந்தத் திறப்பு அதிர்ச்சி இல்லை. ஆனால் வழி முழுக்கப் பல் முளைத்தே இருக்கிறதே! 25 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்கு சொச்சம்தான் விஷம். பி.எச். 8 என்றால் 5 பங்குக்கு மேல். நம் ஆட்கள் அதிகம் அனுப்புவது மலாவி ஏரி சிக்லிட், அது கேட்பதோ பி.எச். 8. ஆகவே 48 மணி நேரப் பட்டினி கட்டாயம். வயிற்றில் ஒரு துணுக்கு இரை இருந்தாலும் பெட்டி போய்ச் சேரும்போது தண்ணீர் மஞ்சளாக நுரை கட்டியிருக்கும். அரை லிட்டருக்கு 3 செ.மீ. குஞ்சு மூன்று, அதற்கு மேல் வேண்டாம்.

இனி வயிற்றெரிச்சல். பைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்ட இடத்தில் மூச்சு இல்லை. நடுவில் செய்தித்தாள் வைக்கச் சொல்கிறார்கள். வைத்துப் பாருங்கள்! பை மெத்தென்று தளர்ந்து கிடக்கும், சவ்வு மெல்லியது, ஈரக் கையில் முடிச்சு வழுக்கும். இருபது பையில் ஒன்று முடிச்சடியில் வியர்க்கும். சாதாரணப் பையென்றால் ஒழுகிய பையில் உள்ள மீனுக்கு மட்டும்தான் ஆபத்து. இங்கே ஒழுகிய தண்ணீரைத் தாள் உறிஞ்சும், நனைந்த தாள் பக்கத்துப் பைகளில் ஈரத் துணிபோல ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். ஆகவே பக்கத்துப் பைகளுக்கும் மூச்சு முட்டும். திறந்து பார்த்தால் ஒழுகிய பையில் மீன் உயிரோடு மிச்சத் தண்ணீரில் புரண்டுகொண்டிருக்கும், ஒழுகாத இரண்டு பைகளில் வாயைப் பிளந்து கிடக்கும். பை குறைபாடுள்ளது என்று புகார் செய்தால், "தாள் வைத்தீர்களா?" என்று விற்றவர் திருப்பிக் கேட்கிறார். வைத்ததுதானே ஐயா பிரச்சினை!

இதற்கு ஒரு கைமருந்து உண்டு. ஆரஞ்சு, வெங்காயம் வரும் வலைப்பைகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு பிரீதர் பையையும் ஒரு வலைக்குள் விட்டுக் கட்டினால் புள்ளி புள்ளியாகத்தான் தொடும், ஈரம் ஒட்டாது. பெட்டி அடியில் கவிழ்த்த முட்டை அட்டை ஒன்று. தாளைவிட எவ்வளவோ மேல். ஆனால் மீன் பைக்கு வெங்காய வலை தேடி அலைவதற்கா இத்தனை விலை?

குளிரில் இன்னொரு சிக்கல். ஜூலையில் வழியிலுள்ள ஹாரிஸ்மித் பக்கம் உறைபனி, சூட்டுப்பொட்டலம் வைக்காமல் அனுப்ப முடியாது. பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத்தூள். அது துருப்பிடிப்பதால்தான் சூடு வருகிறது, துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். மீனும் அதே பெட்டிக் காற்றைத்தான் பைக்கு வெளியிலிருந்து இழுக்கிறது. டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டி அடைத்தால் இரண்டும் சண்டைபோட்டு, பொட்டலமும் அணையும், மீனும் அடங்கும். மூடியில் பென்சில் கனத்தில் நாலு துளை போடுங்கள். பொட்டலத்தை மூடியின் உட்புறம் ஒட்டுங்கள், பை மேல் படக்கூடாது. துளை போட்டால் சூடு கசியும் என்பதும் உண்மைதான், என்ன செய்ய.

கெளுத்தி, கோரிடோராஸ், பிளெக்கோ எதையும் இதில் போடாதீர்கள், முள் குத்திவிடும். பீட்டா, கௌராமி மேலே வந்து காற்றை விழுங்குகிறவை, அவற்றையும் நான் போடுவதில்லை.

ஆக, கோடையில் டர்பன்–பீட்டர்மாரிட்ஸ்பர்க் தூரத்துக்கு அருமையான பை. கூரியர் காசும் மிச்சம். அண்ணனுக்கு என் பதில்: வாங்காதீர்கள். லெனேஷியாவின் காற்றில் ஆக்சிஜன் அழுத்தமே இங்கேயிருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பையால் அதற்கு மேல் எதை இழுக்க முடியும்? சிலிண்டர் ஆக்சிஜன் அடைத்த சாதாரணப் பையில் அந்தக் கவலையே இல்லை. ஒன்றைத் தலைகீழாக இன்னொன்றுக்குள் விட்டு இரட்டைப் பையாக்கினால் மூலைகளும் மழுங்கும், குஞ்சு சிக்காது. உப்புவதற்கு இடம் விட்டுச் சற்றுத் தளர்வாகக் கட்டினால் போதும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால், பெட்டி மேல் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: பையைத் தொட்டியில் மிதக்க விடாதே. பழக்கதோஷத்தில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். தண்ணீரில் முங்கிய பை காற்றிலிருந்து எதையும் இழுக்காது. கம்பி வலைத் தட்டின் மேல் இருபது நிமிடம் வைத்துச் சூடு சமமானதும் கத்தரித்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.