'ஸ்கேன்' என்று பில் போட்டது வெறும் எக்ஸ்ரே

நீலகிரியில் நாய் வளர்ப்பவர்கள், குறிப்பாக டேஷண்ட் (நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள இனம்) வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

எங்கள் டேஷண்ட் பட்டுவுக்கு ஐந்து வயது. ஒரு நாள் காலையில் எழுந்து வரும்போதே பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. பாதம் மடங்கி, நகம் சிமெண்ட் தரையில் தேய்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குன்னூரில் ஒரு தனியார் கிளினிக்குக் கொண்டுபோனோம். 'முதுகு ஸ்கேன்' என்று 4,500 ரூபாய் வாங்கினார்கள். "டிஸ்க்கெல்லாம் சுத்தமா இருக்கும்மா, குளிர்ல வர்ற வாதம்தான்" என்று தினமும் ஊசிக்கு வரச் சொன்னார்கள். கோத்தகிரியிலிருந்து ஆறு நாள், அத்தனை வளைவுகளில் அவளைக் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோய் வந்தோம். டிஸ்க் நோய் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவது) என்று சந்தேகம் வந்தாலே கூண்டில் அசையாமல் வைக்க வேண்டுமாம். அதை யாரும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் பின்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சிறுநீரும் போகவில்லை. இரவில் மூடியிருக்கும் பந்திப்பூர் காட்டு வழி காலை 6 மணிக்குத் திறந்ததும் பெங்களூருக்கு விரைந்தோம்.

அங்கே டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்ததுமே, "இது எக்ஸ்ரே" என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். டிஸ்க் இடைவெளி குறுகியிருந்தால் ஒரு சந்தேகம் வரும், அவ்வளவுதான். தண்டுவடம் அதில் தெரியவே தெரியாது. சுண்ணாம்பு ஏறிப் பிதுங்கிய டிஸ்க்கை சிடி ஸ்கேனில் பார்க்கலாம். தண்டுவடம் நசுங்கி வீங்கியிருப்பதைத் தெளிவாகக் காட்டுவது எம்ஆர்ஐ ஸ்கேன்தான். அதற்கு மயக்க மருந்து கொடுத்தே ஆக வேண்டும். பட்டுவையோ முழு விழிப்பில் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள்.

அப்புறம் அவள் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் சட்டென்று மடங்கியது. எனக்கு உயிர் வந்தது. "அது அனிச்சைச் செயல், கணக்கில் வராது" என்றார். இன்னும் அழுத்தினார். பட்டு தலையைத் திருப்பி முனகினாள். அந்த முனகலுக்காகத்தான் அவர் காத்திருந்தார். ஆழ்ந்த வலி உணர்வு போயிருந்தால், அறுவை செய்தாலும் நடப்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதிதானாம்.

எம்ஆர்ஐயில் பிதுங்கல் தெரிந்தது. அன்றே அறுவை நடந்தது. பழைய சீட்டைப் பார்த்தவர் இன்னொன்றும் சொன்னார்: டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்தும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் புண்ணாகி ரத்தம் கசியலாம்.

ஸ்கேன் என்று யாராவது சொன்னால், எக்ஸ்ரேயா, சிடியா, எம்ஆர்ஐயா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். கால் இழுக்கிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பட்டு இப்போது இடுப்பில் துண்டு கட்டித் தாங்கினால் நாலு அடி வைக்கிறாள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "எக்ஸ்ரேயும் ஸ்கேன்தானே" என்கிறது கிளினிக். பில்லையும் படத்தையும் வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.