இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்காகக் குளியலறையை மாற்றினோம்: வாங்கிய பொருட்கள் எப்படி?

என் கணவருக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றுவது என்று முடிவானதும் மருத்துவர் முதலில் கேட்டது, "வீட்டில் கமோட் எவ்வளவு உயரம்?" என்றுதான். இடுப்பின் பின்பக்கமாகத் திறந்து புது மூட்டை வைக்கப்போகிறார்கள். அதனால் ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, அந்தக் காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது என்றார். மீறினால் புதுப் பந்து குழியை விட்டு நழுவ வாய்ப்பு உண்டு. முன்பக்கமாகச் செய்யும் ஆபரேஷனுக்குக் கட்டுப்பாடுகள் வேறு மாதிரி இருக்கும், எனவே உங்கள் மருத்துவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் நல்ல உயரம். எங்கள் கமோட் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ.தான். அதில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிடும். நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்தலாம், கமோட்டை என்ன செய்வது? அங்கே தொடங்கிய வேலை கம்பி, கதவு, ஷவர் என்று வளர்ந்துவிட்டது. ஆபரேஷன் தேதிக்கு முன்பே எல்லாவற்றையும் முடித்து, அவரை நடக்க வைத்து, உட்கார வைத்துப் பார்த்துவிட்டோம். வாங்கியவற்றில் எது பணத்துக்குத் தகுந்தது என்று இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கமோட் மேல் வைக்கும் உயர இருக்கை. இது 2, 4, 6 அங்குல உயரங்களில் கிடைக்கிறது. அவரை நிற்க வைத்து, வீட்டில் போடும் செருப்போடு, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தோம். இருக்கை அந்த அளவைவிடக் கொஞ்சம் மேலே வர வேண்டும், பாதம் தரையில் முழுதாகப் பதியவும் வேண்டும். அவருக்கு 4 அங்குலம் சரியாக இருந்தது. சும்மா மேலே வைத்து அழுத்தும் வகையை வாங்காதீர்கள். முன்பக்கத்தில் திருகும் குமிழும், கோப்பையின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கொக்கியும் உள்ளதையே வாங்குங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி கட்டாயம் வேண்டும். பின்னால் நகர்ந்து, கமோட் காலில் படுகிறதா என்று உணர்ந்து, ஆபரேஷன் செய்த காலை முன்னே நீட்டி, கையை ஊன்றி மெதுவாக இறங்க வேண்டும். எழும்போதும் அந்தக் கால் முன்னேதான் இருக்க வேண்டும். கைப்பிடி இல்லாமல் இது நடக்காது.

குறையும் இருக்கிறது. உட்கார்ந்து எழ எழ அந்தக் குமிழ் தளர்கிறது. தினமும் காலையில் இருக்கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து இறுக்கினேன். அடிவிளிம்பில் இருக்கும் சின்ன இடுக்கில் அழுக்கு சேர்கிறது, கழற்றாமல் அதைக் கழுவ முடியாது. உங்கள் கோப்பை சதுரமாக இருந்தால் பெரும்பாலானவை பொருந்தாது, வாங்கும் முன் அதன் நீள அகலத்தை எழுதி எடுத்துப் போங்கள். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வந்ததில் அதிகம் உழைத்த பொருள் இதுதான்.

அடுத்து சுவரில் பிடித்துக்கொள்ளும் கம்பி. உறவினர் ஒருவர் அன்பாக, உறிஞ்சி ஒட்டும் ரப்பர் வட்டம் கொண்ட ஒன்றை வாங்கித் தந்தார். ஆணி வேண்டாம், துளை வேண்டாம். அதன் வட்டம் முழுவதும் ஒரே வழவழப்பான டைலுக்குள் அடங்க வேண்டும். டைல்களுக்கு இடையிலுள்ள கோட்டில் பட்டால் காற்று நுழைந்து பிடி விட்டுவிடும். எங்கள் டைல் சிறியது, எங்கே வைத்தாலும் கோடு. காலையில் ஒட்டினேன், மாலையில் இழுத்துப் பார்த்ததும் கையோடு வந்துவிட்டது. பெரிய டைலில் சில நாள் நிற்கலாம், ஆனால் ஒரு ஆளின் முழு எடையை அதை நம்பி விடவே கூடாது. வேண்டாம்.

வாங்கியது 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. கனம் 32 மி.மீ., சுவருக்கும் கம்பிக்கும் இடையே 38 மி.மீ. இடைவெளி. கை நன்றாகச் சுற்றிப் பிடிக்கும், ஆனால் வழுக்கினால் முழங்கை உள்ளே போய் மாட்டாது. எந்த உயரத்தில் பொருத்துவது? அட்டையில் 33 முதல் 36 அங்குலம் என்று போட்டிருந்தது. நாங்கள் உயர இருக்கையைப் பொருத்தி, அவரை அதில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொன்னோம். கை தானாகப் போன இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். "இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு" என்றார், இறக்கினேன். அவர் கைக்கு வாகான இடம் அட்டை சொன்னதைவிடத் தாழ்வாகவே இருந்தது.

பொருத்த வந்தவர் பெட்டியில் இருந்த குட்டை ஸ்க்ரூவையே போடப் பார்த்தார். டைலையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லுக்குள் பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) இறங்கினால்தான் பிடிக்கும், அந்த ஸ்க்ரூ பூச்சோடு நின்றுவிடும். நீளமானது வாங்கி வந்த பிறகே துளை போட விட்டேன். டைல் மேல் டேப் ஒட்டி, டைல் துளைக்கும் பிட்டை வைத்து, டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹாமர் போடாமல் டைலைத் தாண்டினார். பிறகுதான் கல் துளைக்கும் பிட்டும் ஹாமரும். துளைக்குள் கொஞ்சம் சிலிக்கான் வைத்தால் தண்ணீர் உள்ளே போகாது. உங்கள் சுவர் உள்ளே பொள்ளலான கல் என்றால் சாதாரண பிளக் போதாது, அதற்கென்றே இருக்கும் ஆங்கர் வேண்டும். முடிந்ததும் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

அதே நாளில் பக்கத்திலிருந்த துண்டு மாட்டும் கம்பியைக் கழற்றச் சொன்னேன். தடுமாறும்போது கை எது கிட்டே இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கும். அது ஒரு ஆளைத் தாங்காது.

கதவைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவை மறித்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. தச்சரை வைத்து வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம், வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள் போட்டோம். வாக்கரோடு நுழைய வாசலின் அகலம் போதுமா என்று டேப் வைத்துப் பார்த்தோம், நூலிழையில் போதுமானதாக இருந்தது. வாக்கரின் கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சரிசெய்து கொடுத்தார்.

மருத்துவமனையிலிருந்து வந்த முதல் இரவு, நடு ராத்திரியில் எழுந்தார். கூடவே போனேன். "நீ வெளியே நில்லும்மா, நானே பார்த்துக்கிறேன்" என்றார். எதற்கும் யார் உதவியையும் கேட்டுப் பழகாத மனிதர். ஆபரேஷன் வலியைவிட, கமோட்டிலிருந்து மனைவி தூக்கிவிட வேண்டியிருக்குமே என்றுதான் அவர் பல நாள் தூங்காமல் இருந்தார், எனக்குத் தெரியும். கதவைச் சாத்தினார், தாழ் போடவில்லை. உள்ளே வாக்கர் ஓரமாகத் தள்ளப்படும் சத்தம், இருக்கை லேசாக முனகும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்துத் தானே எழுந்து, கை கழுவி, வெளியே வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்குளில் கை கொடுத்து ஒருவரைத் தூக்குவது அவர் தோளுக்கும் ஆகாது, தூக்குபவர் முதுகுக்கும் ஆகாது. அந்த அவசியம் ஒரு தடவைகூட வரவில்லை.

குளியல் நாற்காலியும் சரிதான். அலுமினியக் கால், முதுகுச் சாய்வு, தண்ணீர் வடிய ஓட்டைகள். ஒவ்வொரு காலையும் தனித்தனியாக உயர்த்தலாம் என்பதால் தண்ணீர் ஓடச் சரிவாகப் போட்ட தரையிலும் ஆடாமல் நின்றது. கால் நுனியில் உள்ள ரப்பர் மூடிகளுக்கு அடியில் சோப்பு படியும், தேய்த்துக் கழுவாவிட்டால் வழுக்கும். கூடவே கையில் பிடிக்கும் ஷவர் இல்லையென்றால் நாற்காலியால் பாதிப் பயன்தான். வழுக்காத மிதியடி என்று விற்கிறார்களே, அதை ஈரத்தரையில் வாக்கரால் தள்ளிப் பார்த்தேன், ஓரம் மடிந்துகொண்டது. வீட்டிலிருந்த எல்லா மிதியடியையும் சுருட்டி மேலே வைத்துவிட்டேன்.

இப்போது அவர் நன்றாக நடக்கிறார். மருத்துவர் சரி சொன்னதும் உயர இருக்கையைக் கழற்றிவிட்டோம். சுவர்க் கம்பி இருக்கட்டும், நானே பிடித்துக்கொள்கிறேன். அப்புறம், மாடிப்படியில் ஒரு பக்கம்தான் பிடி இருக்கிறது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஏறும்போது வலது கைக்கு வருகிற பிடி, இறங்கும்போது இடது பக்கம் போய்விடுகிறது. மறுபக்கமும் போட அளவு எடுத்தாயிற்று, இந்த முறை நீள ஸ்க்ரூ முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன்.